கம்பளிக்குள் சித்தப்பா

எங்கள் சித்தப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் முழுவதும் தென்னாபிரிக்காக்காரராக இருந்தார். பிள்ளைகளே, இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். எங்கள் வீட்டிலும் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன். எனக்கு அப்போது எட்டு வயது.

நாங்கள் வுப்பர்டாலில் இருந்தோம். இலங்கையில் சண்டை நடந்தபோது ஜெர்மனிக்கு வந்த அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இங்கே இருக்க அனுமதி கிடைத்திருந்தது. சித்தப்பா அப்பாவின் தம்பி. பிந்தி வந்தவர். அவருடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. மலைப்பக்கத்துச் சின்ன ஊர் ஒன்றில் 'ஹைம்' என்று சொல்கிற அகதிகள் விடுதியில் அவரை வைத்திருந்தார்கள். அந்த வட்டாரத்தை விட்டு வெளியே போவதென்றால் வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்டுக் கடிதம் எடுக்க வேண்டும். கடிதத்தில் எந்த ஊர் எழுதியிருக்கிறதோ அந்த ஊருக்கு மட்டும்தான் போகலாம். ஒருமுறை சித்தப்பா கடிதம் இல்லாமல் கூட்டாளியின் கலியாணத்துக்குப் புறப்பட்டு, ரயில் நிலையத்தில் பிடிபட்டுத் தண்டம் கட்டியவர். இன்னொரு முறை பிடிபட்டால் கோட்டில் நீதவானுக்கு முன்னால் நிற்க வேண்டும், அகதி வழக்கும் கெட்டுவிடும் என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

இதெல்லாம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த சித்தப்பா, இடைக்கிடை எங்கள் வீட்டுக்கு வந்து ஹோலில் மெத்தை போட்டுப் படுப்பவர். கையால் தொடாமலே காதை ஆட்டிக் காட்டுவார். அவ்வளவுதான்.

அந்தக் கோடையில் பக்கத்து நகரத்துப் பூங்காவில் தென்னாபிரிக்கக் கிராமம் ஒன்று போட்டிருந்தார்கள். அங்கேயிருந்து ஆட்கள் வந்து, தங்கள் தங்கள் சமூகத்து வீடுகளைக் கட்டி, ஆடிப் பாடி, சமைத்துக் காட்டுவார்கள். எங்கள் வகுப்பே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. நான் மட்டும் உடம்பெல்லாம் கொப்புளிப்பான் போட்டு வீட்டில் கிடந்தேன். கொப்புளம் மாறிப் பள்ளிக்கூடம் போனபோது, ஆடுகிறவர்களின் கால் தலைக்கு மேலே போகுமாம் என்று ஒருவன், வீடுகளுக்கு வாசல் முழங்காலளவுதானாம், தவழ்ந்துதான் போக வேண்டுமாம் என்று இன்னொருவன். நான் வீட்டுக்கு வந்து அழுதேன்.

அப்பாவுக்கு ஞாயிறும் உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. அம்மாவின் கையில் தங்கச்சி. அந்தக் கிழமை சித்தப்பா வந்திருந்தார். தான் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார்.

அம்மா தங்கச்சிக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்த கரண்டியை நிறுத்தினாள். "தம்பி, உங்கடை கடிதத்திலை வுப்பர்டால் எண்டு மட்டுமெல்லோ கிடக்கு?"

"அண்ணி, ஞாயிற்றுக்கிழமை பொலிஸ்காரரும் வீட்டிலை சாப்பிட்டுட்டு நித்திரை கொள்ளுவாங்கள். இவன் அழுது அழுது திரும்பக் கொப்புளிப்பானை வரப்பண்ணப் போறான்."

அம்மா சித்தப்பாவுக்கு நல்ல சேட் ஒன்றை எடுத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்திக் கொடுத்தாள். நன்றாக உடுத்தவனைப் பொலிஸ் மறிக்காது என்பது அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களின் நம்பிக்கை.

பூங்கா வாசலில் நுழைவுச்சீட்டு விற்ற மனிதர் சித்தப்பாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஆடுகிறவர்கள் பின்பக்கப் படலையால் போக வேண்டும் என்று மரியாதையாகச் சொன்னார். சித்தப்பா தாங்கள் பார்க்க வந்தவர்கள் என்று விளக்கினார். அந்த மனிதர் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டார். பின்பக்கத்தால் போனால் சும்மா போகலாமே என்று நான் தமிழில் சொன்னேன். சித்தப்பா என் தலையில் ஒரு குட்டுப் போட்டுச் சீட்டு வாங்கினார்.

உள்ளே வீடுகள் ஒரு வட்டமாக நின்றன. சூலு மக்களின் வீடு கவிழ்த்துவைத்த கூடை மாதிரி. புல்லால் வேய்ந்தது. என் கூட்டாளி சொன்னது போல வாசல் உண்மையிலேயே பதிவுதான், முழங்காலளவு. என்டெபெலே மக்களின் சுவரில் நீலமும் மஞ்சளுமாகக் கோலம் போலப் போட்டிருந்தார்கள். கோசாப் பெண் ஒருவர் முகத்தில் வெள்ளை மண் பூசிக்கொண்டு நீளமான சுங்கான் குழாயில் புகைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் ஒரு கயிறு, ஒரு பலகை. பலகையில் அவர்கள் யார், என்ன சாப்பிடுவார்கள், எத்தனை மாடு கொடுத்துப் பெண் எடுப்பார்கள் என்று ஜெர்மனில் எழுதியிருந்தது. சனங்கள் பலகையை வாசிப்பார்கள், பிறகு ஆளைப் பார்ப்பார்கள், பிறகு திரும்பவும் பலகையைப் பார்ப்பார்கள்.

கடைசி வீடு சோத்தோ மக்களுடையது. அங்கே அம்மாவைவிட வயதான ஒரு பெண், தடித்த கம்பளி ஒன்றைப் போர்த்து நெஞ்சில் பெரிய ஊசியால் குத்திக்கொண்டு, கல்லில் சோளம் அரைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இன்னொரு கம்பளியும், கூம்பு போல வைக்கோலால் பின்னிய தொப்பியும் இருந்தன. அவற்றுக்குரிய ஆண் ஆட்டத்துக்குப் போயிருந்தார். வெயில் கொளுத்தியது. சித்தப்பாவுக்கு ஊரில் படித்த இங்கிலிஸ் கொஞ்சம் தெரியும். இது வெக்கையாக இல்லையா என்று கேட்டார். அந்த அக்கா சிரித்து, வெக்கைதான், ஆனால் எங்கள் பக்கம் மலை, பனி விழும் என்றாராம். சித்தப்பா எனக்குத் தமிழில் சொன்னார். ஆபிரிக்காவில் பனி விழுமென்று எங்கள் வகுப்பில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது என்று எனக்கு ஒரே சந்தோசம். நாங்கள் எங்கிருந்து வந்தோம் என்று அவர் கேட்டார். சித்தப்பா இலங்கை என்றும், அகதி என்றும் சொன்னார். அவர் தலையை ஆட்டிவிட்டு என்னைக் கம்பளியைத் தொட்டுப்பார்க்கவிட்டார்.

நாங்கள் திரும்பி ஆட்டம் பார்க்கப் போகும்போதுதான் இரண்டு பொலிஸ்காரர் பாதையால் வந்தார்கள்.

பிள்ளைகளே, எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அந்த வருடம் ஒரு பொலிஸ்காரர் வந்து சைக்கிள் ஓடப் பழக்கினார். கை காட்டித் திரும்பவும், சந்தியில் நின்று பார்க்கவும் அவரிடம்தான் படித்தோம். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். அதனால் அந்த உடுப்பில் யார் வந்தாலும் எனக்கு அவர்தான். நான் கையை உயர்த்தி "ஹலோ" என்று பலமாகச் சத்தம் வைத்தேன்.

இருவரில் இளமையாக இருந்தவர் சிரித்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். என் மற்றக் கை காற்றில் நின்றது. அதைப் பிடித்திருந்த சித்தப்பாவைக் காணவில்லை.

யாரோடு வந்தாய் என்று பொலிஸ்காரர் கேட்டார். நான் சுற்றிப் பார்த்தேன். என் ஜெர்மன் நன்றாக இருக்கிறது என்று அவர் பாராட்டினார். அதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று வீட்டில் பழக்கியிருந்தார்கள். சொன்னேன். அப்போது சோத்தோ வீட்டு வாசலில் ஒரு ஆண் குந்தியிருப்பதைக் கண்டேன். கம்பளி கழுத்திலிருந்து நிலம்வரை மூடியிருந்தது. தொப்பி மூக்குவரை இறங்கியிருந்தது. கம்பளியின் கீழே மட்டும் சித்தப்பாவின் வெள்ளைச் சப்பாத்துகள் தெரிந்தன.

எனக்கு இது நல்ல பகிடியாகப் பட்டது. "அந்தா என் சித்தப்பா" என்று ஜெர்மனில் சொல்லிக் கையைக் காட்டினேன்.

பொலிஸ்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு கயிற்றடிக்குப் போனார். மற்றவரும் பின்னால் வந்தார். அரைத்துக்கொண்டிருந்த அக்கா அரைப்பதை நிறுத்தவில்லை. சோளக் கூடையைக் காலால் மெல்லத் தள்ளி அந்தச் சப்பாத்துகளுக்கு முன்னால் விட்டார். பொலிஸ்காரர் குனிந்து, காது கேளாதவரோடு பேசுவது போல ஒவ்வொரு சொல்லாக, இந்தப் பிள்ளை உங்களுடையதா என்று சித்தப்பாவிடம் கேட்டார்.

சித்தப்பா ஜெர்மனில் பதில் சொன்னால் அடுத்த கேள்வி எங்கே இருக்கிறீர்கள் என்றுதான் வரும். இல்லையென்று தலையாட்டினால் நான் தொலைந்த பிள்ளை ஆகிவிடுவேன். அவர் தொப்பியைக் கொஞ்சம் உயர்த்தினார். பொலிஸ்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டு, கோயிலில் தேவாரம் படிப்பது போலக் கனத்த குரலில், ஆறுதலாகத் தமிழில் சொன்னார்:

"தம்பி, சிரியாதை. இனி என்னைச் சித்தப்பா எண்டு கூப்பிடாதை. கயித்துக்குக் கீழாலை பூந்து வந்து இந்த அக்காவுக்குப் பக்கத்திலை இரு. இவங்கள் போகட்டும், நாங்கள் மெல்ல வெளிக்கிடுவம்."

பொலிஸ்காரர் மிகக் கவனமாகக் கேட்டுத் தலையசைத்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று இங்கிலிசில் மொழிபெயர்த்தார். அவர் என்ன சொன்னார் என்று எனக்குச் சித்தப்பா பிறகு சொன்னது: "பிள்ளை எங்களுடையது. நீங்கள் எங்கள் கிராமத்துக்கு வந்தது சந்தோசம் என்று இவர் சொல்கிறார்."

பொலிஸ்காரருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. உங்கள் மொழியில் நன்றியை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார். "நன்றி" என்றார் சித்தப்பா. பொலிஸ்காரர் அதை இரண்டு மூன்று தரம் சொல்லிப் பழகினார். மற்றவரையும் சொல்ல வைத்தார். அவர் என் கையை விட்டதும் நான் கயிற்றின் கீழால் புகுந்து போனேன். சிரிப்பை அடக்க ஏலாமல் வாயைப் பொத்தினேன். அக்கா என்னை இழுத்துத் தன் கம்பளியின் ஒரு தலைப்பால் மூடிக்கொண்டார். அந்தக் கம்பளிக்குள் ஆட்டு மயிர் மணமும் சவர்க்கார மணமும் அடித்தன.

அவர்கள் உடனே போகவில்லை. பொலிஸ்காரருக்கும் ஞாயிற்றுக்கிழமைதானே. எதிரே இருந்த கடையில் சொசேச் வாங்கி நின்று சாப்பிட்டார்கள். ஆட்டம் பார்த்தார்கள். கம்பளிக்கு உரியவர் ஆட்டம் முடிந்து வந்து, தன் இடத்தில் இன்னொருவர் இருப்பதைப் பார்த்தார். அக்கா தங்கள் மொழியில் நாலு சொல்தான் சொன்னார். அவர் ஒன்றும் கேட்காமல் சித்தப்பாவுக்குப் பக்கத்தில் குந்தி, இப்படிக் கையை வை என்று காட்டிக் கொடுத்தார். சனங்கள் வந்தார்கள், பலகையை வாசித்தார்கள், சித்தப்பாவைப் பார்த்தார்கள். ஒரு கிழவி, இவர்தான் தலைவராக இருக்கும் என்று தன் பேத்திக்குச் சொன்னாள். வியர்வை தொப்பிக்குள்ளாலே வடிந்து சித்தப்பாவின் நாடியில் சொட்டியது. அவர் அதைத் துடைக்கவில்லை.

எனக்குக் கொஞ்ச நேரத்தில் அலுத்துவிட்டது. வீட்டுக்குள்ளே எட்டிப் பார்த்தேன். அங்கே மின்சாரக் கேத்தில் ஒன்று, பிளாஸ்டிக் கதிரை, ஒரு ஜீன்ஸ் ஜாக்கெட், பாதி சாப்பிட்ட பிஸ்கட் பெட்டி. வகுப்பில் போய்ச் சொல்ல இது உதவாது என்று நினைத்தேன். அக்கா ஒரு பிஸ்கட் எடுத்துத் தந்தார்.

வெயில் தாழ்ந்த பிறகு பொலிஸ்காரர் போனார்கள். போகும்போது தூரத்திலிருந்து "நன்றி" என்று கை காட்டினார்கள். சித்தப்பாவும் கை காட்டினார். அவர்கள் வாசலைத் தாண்டும்வரை அந்தக் கையை இறக்கவில்லை.

கம்பளியை மடித்துக் கொடுத்துவிட்டு அவர் அக்காவைக் கும்பிட்டார். அக்கா தாழ்ந்த குரலில் இங்கிலிசில் என்னவோ கேட்டார். சித்தப்பா ஓம் என்று தலையாட்டினார். அக்கா இன்னும் கொஞ்சம் பேசினார். பிறகு எங்களைப் பின்பக்கப் படலையால் வெளியே விட்டார்.

தென்னாபிரிக்காவில் அதற்குச் சில காலம் முன்புவரை கறுப்பு மக்கள் நகரத்துக்குள் நடமாடுவதென்றால் ஒரு புத்தகம் வைத்திருக்க வேண்டும். எங்கே வேலை, எங்கே இருக்கலாம் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். பொலிஸ் மறித்துக் கேட்கும்போது அது கையில் இல்லாவிட்டால், அல்லது அதில் முத்திரை சரியில்லாவிட்டால், பிடித்துக்கொண்டு போவார்கள். அவர்களுடைய சொந்த நாட்டிலேயே அப்படி. நான் அதிகம் படித்தவன் அல்ல. இதை வளர்ந்து, வேலைக்குப் போன பிறகு தொலைக்காட்சியில் பார்த்துத்தான் அறிந்தேன்.

ரயிலில் சித்தப்பா யன்னல் பக்கம் இருந்தார். அம்மா அழுத்திக் கொடுத்த சேட் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. நான் கேட்டேன்.

"சித்தப்பா, அந்த அக்காவை உங்களுக்கு முந்தியே தெரியுமோ?"

"தெரியாது."

"அப்ப ஏன் தன்ரை வீட்டுக்குள்ளை விட்டவ?"

"நான் ஓடிப்போய் வாசல்லை நிண்டனான். என்ரை முகத்தைப் பாத்தவ, பொலிசைப் பாத்தவ. கம்பளியை எடுத்துப் போட்டுட்டா. ஒண்டும் கேக்கேல்லை." பிறகு சொன்னார்: "அவவின்ரை தகப்பனும் பொலிசைக் கண்டா இப்பிடித்தான் ஆரின்ரையும் வீட்டுக்குள்ளை பூந்திடுவாராம்."

அது எனக்கு உடனே விளங்கியது. நாங்களும் பள்ளிக்கூடத்தில் ஒளிச்சுப் பிடிச்சு விளையாடுகிறோம்தானே.

"அவரைக் கண்டுபிடிச்சவையோ?"

"ஓமடா," என்றார் சித்தப்பா, யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு. "எத்தினையோ தரம்."

எத்தனையோ தரம் பிடிபட்டவர் என்றால் அவருக்கு ஒளிக்கவே தெரியாது என்று நான் முடிவு செய்தேன். எங்கள் சித்தப்பா ஒரு தரம்கூடப் பிடிபடவில்லை. அன்றைக்கு வுப்பர்டால் வரும்வரை அவருக்குப் பக்கத்தில் மிகவும் பெருமையோடு இருந்தேன்.