கூரையில்லாத நடைபாலம்

தவமணி அண்ணன் இறந்துவிட்டார் என்று விளாங்குடியிலிருந்து அவர் மகள் போனில் சொன்னபோது, நான் திருநகரில் ஒரு மேஸ்திரியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். சண்டை எதற்கென்று இப்போது நினைவில்லை. அங்கேயே ஜல்லிக் குவியலில் உட்கார்ந்து அழுதேன்.

நகருக்குள் ஓடும் வாய்க்காலின் கரையையும் நடைபாலங்களையும் புதுப்பித்தபோது அவரை அறிந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அவர் வரைவார், வரைந்தது நிற்குமா என்று நான் கணக்குப் பார்ப்பேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அவருக்கு வரவே வராது. அதுவே எனக்குப் பெரிய எரிச்சல்.

கரையோர வீட்டுக்காரர்கள் அப்போது வாய்க்காலில்தான் குப்பை கொட்டினார்கள். உயரமாக வேலி போட்டுவிடலாம் என்று கூட்டத்தில் எல்லோரும் பேசினார்கள். அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "வேலி போட்டா அதுக்கு மேல வீசுவாங்க. உக்கார இடம் போடுங்க. நாலு பேர் உக்காந்திருந்தா கொட்டக் கை கூசும்." கல் இருக்கைகள் போட்டோம். கூசத்தான் செய்தது, எல்லோருக்கும் இல்லை, பாதிப் பேருக்காவது.

பெரிய நடைபாலத்துக்கு அவர் போட்ட கூரையைச் சொல்லாமல் இருக்க முடியாது. மதுரை வெயிலில் பாலத்தைக் கடக்கிறவர்கள் நடுவில் கொஞ்சம் நிழலில் நிற்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. தாழ்வாக இறங்கும் இரும்புக் கூரை, அம்புட்டு அழகு. வேலை முடிந்த வாரம், வீட்டில் மதினி முளைப்பாரிக்குப் பயறு ஊறவைப்பதைப் பார்த்தவர், சாப்பிடாமல் கிளம்பிப் பாலத்துக்கு வந்துவிட்டார். என்னையும் வரச் சொன்னார். கூரையின் முகப்பை அண்ணாந்து பார்த்ததும் எனக்கும் விளங்கியது. முளை வளர்ந்த சட்டியைத் தலையில் ஏற்றினால், கோயில் போய்ச் சேரும்வரை பெண்கள் அதை இறக்கவோ சாய்க்கவோ மாட்டார்கள்; நிமிர்ந்து வந்தால் முளை கூரையில் இடிக்கும். அக்கரைப் பெண்களுக்கு இந்தப் பாலம்தான் வழி. எங்கள் இருவர் வீட்டிலும் வருடம் தவறாமல் முளைப்பாரி எடுக்கிறார்கள். ஆனால் வரைபடத்தில் நடக்கிற ஆட்களையெல்லாம் வெறுந்தலையோடு போட்டிருந்தோம்.

கூரையை உயர்த்தினால் தூண்கள் தாங்காது. "ஒருநாள் மெயின் ரோட்டைச் சுத்திப் போகட்டுமேண்ணே" என்று கத்தினேன். "காலங்காலமா வார வழி மாப்ள. நாம மறிக்கலாமா?" என்றார். தப்பு தன்னுடையது என்று அதிகாரிகளிடம் அவரே போய்ச் சொல்லி, கூரையை அறுத்து எடுக்க வைத்தார். வெல்டர் முடிக்கும்வரை வெயிலிலேயே நின்றார். முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. திருவிழாவில் பெண்கள் நிமிர்ந்த தலையோடு வரிசையாகக் கடந்தபோது, கரையில் நின்று கும்பிட்டார். நடந்ததை ஒரு பலகையில் எழுதி வைப்போம் என்றேன். "நடக்க வாரவங்களுக்கு நம்ம கதை எதுக்கு?" என்று சிரித்தார்.

அவருடைய காரியம் முடிந்த மறுநாள், உச்சிவெயிலில் அந்தப் பாலத்தில் நடந்தேன். காய்கறிப் பையோடு பக்கத்தில் வந்த ஓர் அம்மா, முந்தானையால் தலையை மூடிக்கொண்டு என்னிடம் சொன்னார்: "இம்புட்டுச் செலவழிச்சுக் கட்டியிருக்கான். மேல ஒரு நிழலு போடணும்னு அவனுக்குத் தோணலை பாருங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எல்லாவற்றையும் கொட்டிவிட வாயைத் திறந்தேன். பிறகு, "ஆமாக்கா, தோணலை போல" என்று சொல்லி, அவர் பையை வாங்கி அக்கரை வரை சுமந்து போனேன்.

அண்ணனிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பொறுமையைத்தான். இதுவரை ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கிறது. அதை அவரிடம் போய்ச் சொல்ல முடியவில்லை.