நடுவில் இருந்த பை

சென்ற வருடம் திண்டிவனம் ஸ்டேஷனில் ஒரு காதல் காமெடிப் படத்தின் ஷூட்டிங் நடந்தது. கூட்டத்தில் ஒருவராக நடிக்க என் கணவரும் போயிருந்தார். படம் வந்ததும் பார்த்தால், நாயகனுக்குப் பின்னால் பெஞ்சில் ஒரு மஞ்சள் சுடிதார் பெண்ணோடு ஜோடியாக உட்கார்ந்திருக்கிறார்! அந்த நாலு நொடிக் காட்சியை ஃபோனில் திரும்பத் திரும்பப் பார்த்து வயிறெரிந்தேன்.

“அந்த பெஞ்சை நான் பாக்கணும்” என்று அடம்பிடித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் பாசஞ்சர் ஏறினோம்.

பெஞ்சுக்குப் பக்கத்தில் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்றுக்கொண்டிருந்த அம்மா, அவரைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

“இவரால அன்னிக்கு ஒரே பேஜாரும்மா. ஒட்டி உக்காருய்யானு டைரக்டரு கத்திக்கினே இருந்தாரு. ‘எங்க வூட்ல பார்த்தா அவ்ளோதான் சார்’னு பையை நடுவுல வெச்சிக்கினு இவரு நகரவே இல்ல.”

ஃபோனை எடுத்துப் பார்த்தேன். இருவருக்கும் நடுவே, நான் சாப்பாடு கட்டிக்கொடுத்த பச்சைப் பை. இத்தனை நாளும் நான் அவள் முகத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

“ஏன் சொல்லல?”

“நீ எங்க கேட்ட? சண்டைதான போட்ட.”

அந்த மஞ்சள் சுடிதாரை எனக்கு இன்றும் பிடிக்காது. அது வேறு விஷயம். திரும்பும் ரயிலில் எங்கள் நடுவே அதே பச்சைப் பை இருந்தது. அதை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.