வெட்டாமல் விட்ட கிளை

விறகுக்காக மரம் வளர்க்கும் உத்தியோகத்தில், மரத்தைவிட மெதுவாக வளர்வது மேலிடத்தின் பொறுமைதான். மேலேயிருந்து வரும் தாளைக் கீழேயிருப்பவர்களுக்கு வாசித்துக் காட்டியே வயதாகிப்போனவர் நீங்களும் என்றால், என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

எழுபதுகளின் பிற்பாதி. எண்ணெய் விலை ஏறியதால், ஊவா மலைப்பகுதியில் தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலை காயவைக்கும் அடுப்பு மறுபடி விறகுக்குத் திரும்பியது. நிழல்மரங்கள் வெட்டித் தீர்ந்தன. மிஞ்சியது தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்கு மேலேயிருந்த காடு. லயத்து ஆட்கள் குடிக்கும் ஊற்றுப் பீலித் தண்ணீர் அந்தக் காட்டின் அடியிலிருந்துதான் வந்தது. கைவிடப்பட்ட சரிவொன்றில் கிளிசரியா மரம் நட்டால், வெட்ட வெட்டத் துளிர்த்து விறகு தரும் என்று மேலிடத்தார் என்னை அனுப்பியிருந்தார்கள். தோட்டத்தை நிர்வகித்த துரை இரண்டு நிபந்தனை வைத்தார். அது ஒழுங்காக எரிய வேண்டும். வெட்டிய மரம் திரும்பத் துளிர்க்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் காட்டில் கோடரி விழும்.

ஊதுபத்தி

நட்ட மரங்கள் ஓரளவு வளர்ந்ததும், சோதனைக்காக முதலில் ஓரத்து வரிசைகளை மட்டும் வெட்டினோம். தொழிற்சாலையைப் பார்த்துக்கொண்ட டீமேக்கர் செல்லையா, கைத்தடிப் பருமனில் வந்து இறங்கியதைப் பார்த்துவிட்டு, "மிஸ், இது விறகா ஊதுபத்தியா? சாமி படத்துக்கு முன்னால வைக்கவா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது?

ஆனால் திருப்பி அனுப்பவில்லை அவர். அடுப்புச் சுவரின் வெளிப்பக்கம், சூடு கசியும் இடமாகப் பார்த்துத் தகரக்கூரை போட்டு அடுக்கிவைத்தார். வாரக்கணக்கில் காத்திருந்தார். ஒன்றோடொன்று தட்டினால் மொத்தென்று கேட்ட குச்சிகள் ஒருநாள் கணீரென்று பேசின. அன்று மத்தியானச் சோற்றையும் மறந்து, வெப்பமானியை விட்டுக் கண்ணெடுக்காமல் அவரே விறகு போட்டார். ஈர விறகில் வழக்கமாகப் போகும் அளவில் பாதிதான் போயிற்று. அந்தப் புகை மணம் வெகுகாலம் என் சேலைகளில் இருந்தது. இப்போது அந்தச் சேலைகளும் இல்லை. காய்ந்து வந்த தேயிலையை உள்ளங்கையில் வைத்து முகர்ந்துவிட்டுச் செல்லையா சொன்னார்: "தேயில கேக்கிறது சூட்ட மட்டுந்தான் மிஸ், மரத்தோட சாதிய இல்ல."

ஆடு வழியாக

விறகைத்தான் கொண்டுபோகலாம், இலை மண்ணுக்கே திரும்ப வேண்டும் என்பது மேலிடத்துத் தாளில் இருந்த விதி. இல்லாவிட்டால் சில வருடங்களில் மண் செத்துவிடும். நியாயமான விதிதான். ஆனால் கொழுந்து எடுக்கும் லெச்சுமி, வெட்டிய இலையைக் கட்டுக் கட்டாகத் தன் ஆடுகளுக்குச் சுமந்துகொண்டிருந்தாள். பிடித்துக்கொண்டேன். மண், உரம், வருங்காலம் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். தலையில் கட்டோடு கடைசிவரை நின்று கேட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகுமுன், முதுகுக் கூடை நிறைய ஆட்டுப் புழுக்கையைக் கொண்டுவந்து மரங்களின் அடியில் கொட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நிமிர்ந்து, "எல எங்கயும் போயிரல மிஸ். கொஞ்சம் சுத்திக்கிட்டு வந்திருக்கு, அவ்வளவுதான்" என்றாள்.

மூக்கு

பிறகு முழுச் சரிவையும் வெட்டும் நாள் வந்தது. வெட்டியவர் ராமையா, தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்தில் பேர்போன கை. பின்னாளில் கடவுச்சீட்டு வந்து இந்தியா போய்விட்டார். எந்த ஊருக்கு என்று கேட்டுவைக்காமல் போனேன். கவ்வாத்து வெட்டும்போது தேயிலைச் செடி மூச்சுவிட ஒரு கிளையை விட்டுவைப்பது அவர் பழக்கம். இங்கேயும் யாரையும் கேட்காமல் மரத்துக்கொரு கிளை விட்டிருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது மேல்பாதி முடிந்திருந்தது. எல்லாக் கிளைகளையும் வெட்டச் சொல்லியது தாள். மீதியையாவது அதன்படி வெட்டச் சொன்னேன். "மரத்துக்கு வாய் இல்ல மிஸ். மூக்கயாவது விட்டுவைப்பமே" என்றார். நான் தாளைக் காட்டினேன். அவர் வெட்டினார்.

மழை பொய்த்தது. மூன்று மாதம் வறண்ட ஊவாக் காற்று மட்டுமே வீசியது. மேல்பாதி துளிர்த்தது, கீழ்ப்பாதியில் சாம்பல் நிறக் கட்டைகள் நின்றன. காட்டைப் பற்றி முடிவு சொல்லத் துரை வந்தார். "ஏன் கீழே மட்டும் இப்படி?" என்றார். ராமையா தரையைப் பார்த்தார். "மேல்பாதி இவர் யோசனை. கீழ்ப்பாதி நான் வெட்டச் சொன்னது" என்றேன்.

துரை பச்சையையும் சாம்பலையும் மாறி மாறிப் பார்த்தார். இனிமேல் ராமையா வெட்டுகிற மாதிரியே வெட்டட்டும், காட்டைத் தொட வேண்டாம், கீழ்ப்பாதியைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நடலாம் என்றார். ராமையா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். "பிடுங்கச் சொல்லாதீங்க தொர. ஒரு மழ பாக்கட்டும், மிஸ்ஸு வெட்டச் சொன்ன மரமும் எந்திரிக்கும்."

மரம் வளர்க்கவென்று படித்துவிட்டுப் போன என் பொறுப்பில், அந்தச் சரிவில் செழித்ததெல்லாம் என் பேச்சைக் கேட்காதவர்கள் கைபட்ட மரங்கள்தாம்.