பரந்தன் சுற்றி வந்த கதிரை

1960ஆம் ஆண்டு மார்கழியில், கொழும்பிலிருந்து முரசுமோட்டைக்கு ஒரு கதிரையைக் கொண்டுபோனேன். மாரி காலத்தில் வன்னிக்குச் சாமான் கொண்டுபோக நினைக்கிறவர்களுக்கு இது உதவலாம் என்று எழுதுகிறேன். உதவாவிட்டாலும், இரண்டு பேருக்கு நன்றி சொன்னதாக இருக்கட்டும்.

முதலில் காரணம். முரசுமோட்டையில் கலியாணம் செய்திருந்த என் அக்கா திலகத்துக்குச் சிறுவயதுக் காய்ச்சலால் இதயம் பலவீனம். அப்போது அவளுக்கு ஏழாம் மாதம். படுத்தால் மூச்சு முட்டும். நெல் மூட்டைகளை முதுகுக்கு அடுக்கி, இருந்தபடியே கண்ணயர்கிறாள் என்று அத்தான் எழுதியிருந்தார். சாய்மனைக் கதிரை இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. அதில் சாய்ந்தால் படுத்த மாதிரித்தான். எழும்புவதற்கு இரண்டு பேர் பிடிக்க வேண்டும்.

நான் கொழும்பில் ஒரு கம்பனியில் தட்டெழுத்து வேலை. எங்கள் எஞ்சினியர் டென்மார்க்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் ஊர் மாதிரியில் கைப்படக் கதிரை செய்வது அவருடைய பொழுதுபோக்கு. லீவு கேட்டபோது காரணத்தைச் சொன்னேன். அடுத்த நாள் தன் வீட்டு விறாந்தையில் கிடந்த கதிரையைக் கொண்டுவந்து என் மேசைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

காற்றில் விழுந்த பலாமரத்தில் செய்தது. நிற்கிற மரத்தைக் கதிரைக்காக வெட்ட அவருக்கு மனம் வராதாம். ஓர் ஆணிகூடக் கிடையாது. வார்னிஷுக்குப் பதிலாகச் சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்திருந்தார். இருக்கை, அவருடைய ஊரிலிருந்து வந்த, காகிதத்தை முறுக்கிச் செய்த கயிற்றால் பின்னியது. முதுகு அளவாகச் சாய்ந்திருந்தது. கைகள் அகலம், முன்னால் குனிந்தால் முழங்கை ஊன்றலாம். ஒரு கையால் தூக்கிவிடலாம், அவ்வளவு இலேசு. ‘மழையில் ஊற மட்டும் விடாதே’ என்றார் அவர். மார்கழியில், வன்னிக்கு!

காலை ரயிலில் கோட்டையில் ஏறினேன். கதிரைக்குக் கட்டிய கூலி என் பயணச்சீட்டை விடக் குறைவு. அனுராதபுரம் தாண்டும்போதே வானம் கறுத்துக் கிடந்தது. மதியம் வவுனியாவில் ரயில் நின்றது, நின்றதுதான். முன்னால் தண்டவாளத்தின் மேல் வெள்ளம். எப்போது போகும் என்று யாருக்கும் தெரியவில்லை. பஸ்ஸும் ஓடவில்லை. கதிரையை இறக்கி, அதைச் சுற்றி என் சேலையொன்றைப் போர்த்தி, கடைத்தெரு வரைக்கும் தூக்கிக்கொண்டு நடந்தேன். அழுகை வந்தது என்பதை ஒளிக்க மாட்டேன்.

அங்கே மாவும் சீனியும் ஏற்றிக்கொண்டு ஒரு லொறி புறப்பட நின்றது. முல்லைத்தீவு வியாபாரி சலீம் நானாவுடையது. முன் இருக்கையில் அவருடைய மனைவி இருந்தார்.

“முல்லைத்தீவுக்குப் போறம், தங்கச்சி. மாங்குளத்தில திரும்பிடுவம். நீங்கள் போற இடம் வேற பக்கம்” என்றார் நானா.

அவருடைய மனைவி எட்டிப் பார்த்தார். “இந்த மழைக்குள்ள கதிரை என்னத்துக்குப் பிள்ளை?”

சொன்னேன். கேட்டுவிட்டு அவா நானாவைப் பார்த்தா. நானா தலையைச் சொறிந்தார்.

“மாங்குளத்தால திரும்புற ஒட்டுசுட்டான் ரோட்டில மரம் விழுந்து கிடக்காம். நாங்கள் பரந்தனாலதான் சுத்திப் போகவேணும். முரசுமோட்டை வழியில தானே? ஏறுங்கோ.”

வவுனியாவிலிருந்து பரந்தனுக்கு ஏறக்குறைய ஐம்பது மைல். மூட்டைகளுக்கு மேல், லொறியை மூடிய படங்குச் சீலைக்குக் கீழே கதிரை. முன்னால் நானாவின் மனைவியோடு நெருக்கிக்கொண்டு நான்; அவாவை ராத்தா என்று கூப்பிட்டேன். கனகராயன்குளத்துக்குக் கிட்ட, ரோட்டில் இருந்த தாம்போதி என்கிற தாழ்பாலத்துக்கு மேலால் தண்ணீர் ஓடியது. நானா மெல்ல இறக்கினார். பாதி தாண்டியதும் எஞ்சின் இருமி நின்றுவிட்டது.

காற்றுக்குப் படங்கு ஒரு பக்கம் கிளம்பி அடித்தது. நான் யோசிக்காமல் முழங்கால் அளவு தண்ணீரில் குதித்தேன். நானா மேலே ஏறிக் கதிரையை இறக்கித் தந்தார். ராத்தா தான் போர்த்தியிருந்த மெழுகுசீலையைக் கழற்றிக் கதிரைக்கு மேல் விரித்தா. “நீங்கள் நனைவீங்கள், ராத்தா” என்றேன்.

“நான் காய்வன் பிள்ளை. இது காயாது.”

கதிரையைக் கவிழ்த்துத் தலையில் வைத்து, கதிரையின் ஒரு கையை ராத்தா பிடிக்க, அடியடியாய்க் கரைக்கு நடந்தோம். கரையில் நின்ற வயல்காரர்கள் நாலைந்து பேர் ஓடிவந்தார்கள். “கதிரையில இருந்து போறவையைக் கண்டிருக்கிறம், கதிரையைச் சுமந்து போறதை இண்டைக்குத்தான் பாக்கிறம்” என்று ஒருவர் சிரிக்க, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே லொறியைத் தள்ளி மேட்டில் ஏற்றிவிட்டார்கள். அவர்களின் பெயரைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

பொழுதுபட முன் முரசுமோட்டை. அக்கா மூட்டைகளில் சாய்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. அத்தானும் நானும் பிடித்துக் கதிரையில் இருத்தினோம். அவள் கைகளை மரத்தின் மேல் வைத்தாள். ஒரு மூச்சு, பிறகு இன்னொன்று.

“மணி, முதுகைத் தாங்குதடி” என்றாள்.

அத்தான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தபோது அவள் நித்திரை. நன்றாக, வாய் சற்றுத் திறந்தபடி. வாசலில் ஈரச் சேலையோடு நின்ற ராத்தா, ஒருவரும் கதைக்க வேண்டாம் என்று உதட்டில் விரலை வைத்தா. நாங்கள் எல்லாரும் நின்றபடி சத்தமில்லாமல் தேத்தண்ணி குடித்தோம்.

மாசியில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் பெண்பிள்ளை பிறந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் சுகம். பங்குனியில் புது அரிசி ஒரு பையோடு, பரந்தனில் பஸ் ஏறி முல்லைத்தீவுக்குப் போனேன். ராத்தா என்னைக் கட்டிப் பிடித்தா. கதையோடு கதையாய், ஒட்டுசுட்டான் ரோட்டில் விழுந்த மரத்தை எப்போது வெட்டி எடுத்தார்கள் என்று கேட்டேன்.

“அண்டைக்கு மரமும் விழேல்லை, ஒண்டும் விழேல்லை.”

“அப்ப நானா ஏன் அப்பிடிச் சொன்னவர்?”

“உனக்காகத்தான் சுத்திப் போறம் எண்டா, நீ ஏறியிருப்பியா?”

நானா சீனி நிறுத்துக்கொண்டிருந்தார். தராசை விட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை.

இனி, போகிறவர்களுக்கு. கார்த்திகை, மார்கழியில் வவுனியாவுக்கு வடக்கே ரயிலை மட்டும் நம்பாதீர்கள். காலை வண்டியிலேயே போங்கள், தடங்கல் வந்தாலும் பகல் மிச்சம் இருக்கும். மரச்சாமானைச் சாக்கால் சுற்றாதீர்கள், சாக்கு தண்ணீரைக் குடிக்கும், மெழுகுசீலை கொண்டுபோங்கள். வழியில் ஒரு லொறிக்காரரும் மனைவியும் ‘நாங்களும் அந்தப் பக்கம்தான்’ என்று சொன்னால், துருவிக் கேட்காமல் ஏறுங்கள். வெள்ளம் வற்றி அறுவடை முடிந்ததும், அவர்கள் உண்மையில் எந்தப் பக்கத்து ஆட்கள் என்று தேடிப் போய்ப் பாருங்கள்.