கயிற்றுக்கு வெளியே ஒரு லென்ஸ்

மேனாம்பேட்டில் மாவு மில்லை ஒட்டிய ஒற்றை அறைதான் ஜமீலாக்காவின் ஸ்டுடியோ. மில் ஓடினால் சுவர் அதிரும். அதனால் பாஸ்போர்ட் போட்டோவுக்கு வருகிறவர்களை, மோட்டார் நிற்கிறவரை பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார். "மூஞ்சி ஆடாம வரணும்னா பக்கத்துல மொளகா அரைச்சி முடியணும்" என்பார். வந்தவர்கள் தும்மிக்கொண்டே காத்திருப்பார்கள். எங்கள் தெருக்காரர்கள் எல்லோரும் பாஸ்போர்ட் போட்டோவில் அழுத மாதிரி இருப்பதற்கு வேறு சோகக் கதை எதுவும் கிடையாது.

காமிரா அவருடைய அண்ணனுடையது. சவுதிக்குப் போகும்போது, "நான் வர்ற வரைக்கும் பத்திரமா வெச்சிரு" என்று கொடுத்துவிட்டுப் போனாராம். அக்கா அதைப் பத்திரமாக வைக்கவில்லை. தோளில் மாட்டிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினார். மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் பொம்பளை போட்டோகிராபர்தான் வேண்டும் என்று அத்திப்பட்டு வரைக்கும் கூப்பிட்டார்கள். ஆண் போட்டோகிராபர்கள் வாசலில் நின்று டீ குடிக்கும்போது அக்கா உள்ளே போய் வேலையை முடித்துவிட்டு வருவார்.

ஒரே ஒரு இடத்தில்தான் அவர் வெளியே நிற்க வேண்டியிருந்தது. பொன்னியம்மன் கோயில் ஆடித் தீமிதி.

நெருப்புக் குழியைச் சுற்றிக் கயிறு கட்டுவார்கள். காப்பு கட்டி விரதம் இருந்தவர்கள் மட்டும்தான் கயிற்றுக்கு உள்ளே. போலீஸ்காரர்கூட வெளியேதான். அக்காவுக்கு அதில் கோபமே கிடையாது. "காப்பு கட்டாதவ வெளியே நிக்கணும். அது கோயில் சட்டம். எங்க தர்காவுலயும் சட்டம் கீது. அதுக்கு இன்னா இப்போ?" என்பார். ஆனால் அவரிடம் இருந்தது காமிராவோடு வந்த சாதாரண லென்ஸ். கயிற்றுக்கு வெளியே நின்று எடுத்தால் ஆள் அரிசி மாதிரி விழுந்தான்.

அப்படி விழுந்தவர்களில் ஒருத்தி என் அம்மா வேம்புலியம்மாள். தொழிற்பேட்டையில் பிரஸ் மெஷினில் மாட்டிய அப்பாவின் கை, விரல் ஒன்றுகூடப் போகாமல் வெளியே வந்ததற்காக மூன்று வருஷம் தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாள். இரண்டாம் வருஷப் படம் வந்த அன்று கையில் துடைப்பத்தோடு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னா ஜமீலா இது? இதுல நான் எங்க கீறேன்?"

"அதோ மஞ்சளா தெரிதே, அதான்க்கா."

"மஞ்சளா இன்னாமோ தெரிதே! விரதம் இருந்து நெருப்புல எறங்குனவடி நானு!"

"அது நீ இல்லம்மா, எறும்பு. நீ அதுக்குப் பின்னால கீற" என்றேன் நான். துடைப்பம் என் மேல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. படத்தை வாங்கிக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு, "அடுத்த வருஷம் உன் மூக்குத்திக் கல்லு தெரியும்க்கா" என்றார்.

படம் பார்க்க வந்திருந்த கோயில் தர்மகர்த்தா ஜம்புலிங்கம் அங்கேயே தீர்ப்பும் சொல்லிவிட்டார். "இன்னும் ஒரே வருஷம் பாக்கறேம்மா. அப்பவும் மூஞ்சி தெரியலன்னா கோயில் போட்டோவுக்கு அந்த இன்னொரு போட்டோக்காரன் பரந்தாமன்தான். அவன் காப்பு கட்டிக்கினு உள்ள பூந்து எடுக்கறேன்றான்."

அம்மாவுக்கு அது கடைசி வருஷம். அக்காவுக்கும் அதுவே கடைசி வாய்ப்பு.

தொண்ணூற்று நாலு ஆனி மாசத்தில் ஒரு நாள், "டேய், சும்மாதானே கீற, வா" என்று என்னை மவுண்ட் ரோடுக்கு இழுத்துக்கொண்டு போனார். பத்தாவதில் கணக்கு என்னைக் கைவிட்ட பிறகு நான் எப்போதும் சும்மாதான் இருந்தேன். சந்துக்குள் பழைய காமிராக் கடை. அக்கா கையில் இருந்த காசுக்கு இரண்டு லென்ஸ் தேறின. ஒன்று புதுசு, பளபளவென்று, முந்நூறு மில்லிமீட்டர் வரைக்கும் நீண்டு தூரத்து ஆளைக் கிட்டே இழுக்கும். இன்னொன்று இருநூறோடு நின்றுவிடும். கனமான பழசு, முன் கண்ணாடியில் கீறல் வேறு.

"புதுசுதான்க்கா! நிலாவுல வடை சுடுற பாட்டியே தெரியும்" என்றேன்.

"சரியா சொன்னான் தம்பி" என்றார் கடைக்காரர் ரகுநாதன்.

அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். "சாயந்தரம் ஆறரைக்குத்தான் சார் சொல்லுவேன்."

"அதுவரைக்கும்?"

"நிக்கறேன்."

நின்றார். வந்த வாடிக்கையாளர்களுக்கு வழி விட்டுக்கொண்டு அந்த மூலையிலேயே நின்றார். வெளிச்சம் மங்கியதும் என்னை எதிர் பிளாட்பாரத்துக்கு அனுப்பி, "நெருப்புல வர்ற மாதிரி வா" என்றார்.

சொன்ன வேலையைச் சுருக்கமாகச் செய்கிற வழக்கம் எனக்கு இல்லை. இரண்டு கையையும் தூக்கி, கண்ணைச் செருகி, "ஓம் சக்தி!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். பூ விற்கிற அம்மா கூடையை வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "தாயே, எம் பொண்ணுக்கு எப்போ நல்லது நடக்கும்?" என்றார். "தை மாசம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு மறுபடி ஓடினேன். அக்கா லென்ஸை மாற்றி மாற்றி என்னை நாலு தடவை நெருப்பில் இறக்கினார்.

காமிராவுக்குள் பார்த்தால் நடுவில் சின்னதாக ஒரு வட்டம் தெரியும். அதில் ஆள் இரண்டாக வெட்டுப்பட்டு நிற்பான். லென்ஸைத் திருகி இரண்டு பாதியையும் ஒட்ட வைத்தால்தான் படம் தெளிவாக விழும். அக்கா எனக்கும் காட்டினார். புது லென்ஸை முழுசாக இழுத்ததும், அந்த மங்கின வெளிச்சத்தில் வட்டத்தில் பாதி கறுத்துவிட்டது. எதை எதோடு ஒட்டுவது? பழசில் பூக்கார அம்மாவின் வெற்றிலைப் பல்லே தெரிந்தது.

"நீளமா இழுக்க இழுக்க இது வெளிச்சத்தக் குடிச்சிருது. நம்ம ஆளுங்க எறங்கறது பொழுது சாயற நேரம். பழச குடுங்க சார்."

"கீறல் கீதும்மா. அப்புறம் திருப்பிக்கினு வரக்கூடாது."

"எதிர் வெளிச்சம் பட்டாத்தான் கீறல் பேசும். நான் படாம நின்னுக்கறேன்."

"முந்நூறும் வேணும், வெளிச்சமும் வேணும்னா இன்னா பண்றது?" என்று கேட்டேன்.

"எங்க ஊட்ட விக்கணும். அது வாடகை ஊடு" என்றார்.

ஆடித் தீமிதி வந்தது. அம்மா காப்போடு கோயிலில் இருந்தாள். நானும் அப்பாவும் குழி முடிகிற இடத்தில், பால் குழிக்குப் பக்கத்துக் கயிற்றை ஒட்டி நின்றோம். நெருப்பிலிருந்து ஏறுகிறவர்கள் அந்தப் பாலில் காலை வைத்துத்தான் வெளியே வருவார்கள். அக்கா எங்களைத் தாண்டி பால் குழிக்கும் பின்னால், இறங்குகிறவர்களுக்கு நேர் எதிரே, ஆட்கள் நேராக வந்து லென்ஸில் விழுகிற மாதிரி இடம் பிடித்திருந்தார். யாராக இருந்தாலும் அங்கேதான் நிற்பார்கள்.

முதல் ஆள் இறங்கினார். அக்கா காமிராவைக் கண்ணிலிருந்து எடுத்தார். மறுபடி வைத்தார். மறுபடி எடுத்தார். நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினேன்.

"இன்னாக்கா?"

"அனல்டா! குழி மொத்தமும் எனக்கும் அவங்களுக்கும் நடுவுல கீது. மூஞ்சி தண்ணிக்கு அடியில கீற மாதிரி ஆடுது."

மவுண்ட் ரோட்டில் நாங்கள் எல்லாவற்றையும் சோதித்தோம். நெருப்பை மட்டும் சோதிக்கவில்லை.

அக்கா ஒரு மூச்சுதான் யோசித்தார். "பால் குழிக்குப் பக்கவாட்டுல போகணும். அங்கே நடுவுல நெருப்பும் கிடையாது, எதிர் வெளிச்சமும் கிடையாது. உங்கம்மா எத்தினியாவது ஆளு?"

"இதோ வரிசையில மூணாவதா நிக்குது!"

கூட்டம் சுவர் மாதிரி நின்றது. "வழி விடுங்க" என்றால் ஆடியில் யார் விடுவார்கள்? எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் செய்தேன்.

"ஜமீலாக்காவுக்கு அருள் வந்திருச்சி! வழி விடு! வழி விடு!"

சுவர் இரண்டாகப் பிளந்தது. அக்கா ஓடினார். யாரோ ஒரு அம்மா பயபக்தியோடு ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைக் காலில் ஊற்ற, அது முக்கால்வாசி மேலேயே விழுந்தது. அக்கா லென்ஸை முந்தானையில் சுருட்டி வயிற்றோடு அணைத்துக்கொண்டார். அவர் நனைந்தார், லென்ஸ் நனையவில்லை. கயிற்றில் இடுப்பு முட்டியதும் நின்றார். ஒரு விரல்கூட உள்ளே போகவில்லை.

அம்மா நெருப்பில் இறங்கினாள். லென்ஸை வெளியே எடுத்த அக்காவின் கை திருகியது, நின்றது. அம்மாவின் கால் பாலில் பட்ட நொடி, கிளிக்.

படம் வந்த அன்று அம்மா அதைக் கையில் வாங்கி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு போனாள். மஞ்சள் பூசிய முகம், நெற்றியில் வியர்வை, சொன்ன மாதிரியே மூக்குத்திக் கல். கண் மட்டும் நேராகப் பார்க்காமல் ஓரமாகப் போயிருந்தது. எங்கே என்று பார்த்தேன். படத்தின் விளிம்பில், மங்கலாக, கூட்டத்துக்கு மேலே அப்பா தூக்கிப் பிடித்த கை. மங்கலாக இருந்தாலும் ஐந்து விரலும் இருந்தன.

"நல்லாத்தான் கீது" என்றாள் அம்மா கடைசியில். "கொஞ்சம் கறுப்பா கீறேன்."

"அது நெருப்புல வறுத்தது" என்றேன். அன்றைக்குத் துடைப்பம் வரவில்லை. அம்மா முந்தானையால் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஜம்புலிங்கமும் வாங்கிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "அடுத்த வருஷமும் நீயே எடும்மா. அது சரி, உனக்கு அருள் வந்துச்சின்னு ஊரே சொல்லுதே, நெசமா?"

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவரிடம் திரும்பி, "அத வுடுங்க தலைவரே. அடுத்த வருஷம் பால் குழிக்குப் பக்கத்துல, கயித்துக்கு வெளியவே எனக்கு ஒரு ஸ்டூல் போட்டுக் குடுங்க" என்றார்.