பழசு எழுதிய நோட்டு

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவரை எல்லோரும் 'பழசு' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்தவர் முதலாளி, பழசின் சொந்தத் தங்கை புருஷன். காரியம் ஆகவேண்டுமென்றால் மட்டும் 'மச்சான்' என்பார்.

பதினெட்டு வருஷமாகப் பழசுக்கு ஒரே கவலை. கம்ப்யூட்டர் அப்டேட் கேட்கும். ஆனால் மைக் சத்தத்தைக் கம்ப்யூட்டருக்குள் அனுப்புகிற ஒலிப்பெட்டியைச் செய்த கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். பெட்டிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே தூது போகிற சின்ன புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயர். அது முறுக்கிக்கொண்டால் பெட்டி ஊமை. வயலின், மேளம் என்று சேர்த்து வைத்த ஒலித் தொகுப்புகளும் வாய் திறக்காது. அதனால் இணைய வயரைப் பிடுங்கியே வைத்திருப்பார். புது அப்டேட்டை முதலில் தன் வீட்டுக் கட்டிலடியில், அதே மாதிரிப் பெட்டி ஒன்றை மாட்டிக் கிடக்கும் ஓட்டைக் கம்ப்யூட்டரில் போட்டு, மூன்று வாரம் ஓட்டிப் பார்த்து, சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் கூடத்தில் போடுவார்.

ஒருநாள் காலை முதலாளிக்கு அந்த மூன்று வாரம் காத்திருக்கப் பொறுமையில்லை. தானே வயரைச் செருகி அப்டேட் போட்டுவிட்டார். பாடகி மைக் முன்னால் வந்து நின்றபோது பெட்டி ஊமை.

"என்ன பழசு, உங்க செல்லத்துக்கு வாயடைச்சுப் போச்சே?"

"வயரைச் செருகினது யாரு மாப்பிள்ளை?"

"கேள்வி கேக்கவா உங்களை வெச்சிருக்கேன்? சரிபண்ணுங்க."

சாயங்காலத்துக்குள் சத்தம் வந்தது. முதலாளி டீ வாங்கித் தந்தார். பதினெட்டு வருஷத்தில் முதல் டீ.

மறுநாள் தங்கை வந்தாள். "அண்ணா, எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதிடேன். நீ காய்ச்சல்னு படுத்துட்டா நாங்க என்ன பண்றது?" அவர் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

பத்து நாள் எழுதினார். எதையும் ஒளிக்கவில்லை. எந்த டிரைவரை முதலில் கழற்றணும், ஒலித் தொகுப்பு காணாமல்போனால் எங்கே தேடணும், எல்லாம். கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் 'வயரைப் பிடுங்கு' என்று மூன்று தடவை. அட்டையும் போட்டுக் கொடுத்தார்.

முதலாளி புரட்டினார். "எழுத்து முத்து முத்தா இருக்கு மச்சான். நாளையிலேருந்து நீங்க வரவேண்டாம்."

பழசு பக்கத்தில் நின்ற தங்கையைப் பார்த்தார். அவள் நோட்டை வாங்கி அட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள். "நல்லா ஓய்வெடு அண்ணா."

இரண்டு மாதத்தில் அடுத்த அப்டேட் வந்தது. பழக்கதோஷம், கட்டிலடிக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். ஊமை. பதறிப்போய் போன் செய்தார்.

"மாப்பிள்ளை, அப்டேட் போட்டுடாதீங்க!"

"போட்டாச்சே."

"ஐயையோ! சத்தம் வருதா?"

"ஜோரா வருது. இருபத்திரெண்டாம் பக்கத்துல இருக்கிறபடி செஞ்சோம். நீங்க எழுதினதுதானே, மறந்துட்டீங்களா?"

போனில் அவர் குரலுக்குப் பின்னால் வயலின் கேட்டது. ஒரு கரகரப்புகூட இல்லை. பழசு காதை அழுத்திக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டார்கள்.