எங்கள் தோட்டம் என்று சொல்வது

கொடியை வெட்டினால் பன்னிரண்டாவது நாள் துளிர் வரும். கம்பத்துக்குத் தெற்கே எங்கள் ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சையில் நான் ஒழுங்காகப் படித்த பாடம் அது ஒன்றுதான். ஒன்பதாம் வகுப்பில் தேறாமல் நின்ற பிறகு வேறு பாடம் எதுவும் எனக்கு ஏறவில்லை. பழம் பறித்து முடித்ததும் பந்தலுக்கு அடியில் அண்ணாந்து நின்று, கையைத் தூக்கியபடியே குச்சிகளைக் கத்தரியால் நறுக்குவோம். அதற்குக் கவாத்து என்று பெயர். நாலு மாதத்தில் மறுபடி பழம். எங்கள் கொடிக்கு ஓய்வு கிடையாது.

பதினெட்டு வயதில் ஜீப்பில் தொங்கிக்கொண்டு மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போனேன். வீட்டில் பஞ்சம் இல்லை. இதைச் சொல்லிவிட வேண்டும். ஊரை விட்டுப் போகிறவன் எல்லாம் கஷ்டத்தால்தான் போகிறான் என்று கேட்கிறவர்களே முடிவு செய்துகொள்கிறார்கள். ஜீப் வளைவுகளில் ஏறும்போது பள்ளத்தாக்கு முழுவதும் கீழே தெரிந்தது. அதில் எங்கள் தோட்டம் எது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. மற்றதெல்லாம் அங்கிருந்து தொடங்கியது.

வளைகுடாவில் பேரீச்சைத் தோட்டம், ஓர் அறையில் பதினோரு பேர். மட்டை வெட்டிய கத்தி தவறி இடது கால் சுண்டுவிரல் அங்கேதான் போனது. பிறகு மலேசியாவில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவினேன். எந்த ஊரானாலும் ஒரு நாள் வரும். எந்தக் கடையில் எந்த நேரத்தில் ரொட்டி சூடாக இருக்கும் என்பது தெரிந்துவிடும் நாள். அதற்குப் பிறகு அந்த ஊரில் எனக்கு இருப்புக் கொள்ளாது.

கடைசியாக இத்தாலியின் வடக்கே ஒரு மலைச்சரிவில் திராட்சை வேலை. முதலாளி ஒரு வயதான பெண். ஐப்பசியில் பழம் பறித்து முடித்ததும் அவர் இரண்டு நாள் வெளியூர் போனார். சும்மா இருப்பானேன் என்று நான் இரண்டு வரிசைக்கு எங்கள் ஊர்க் கவாத்தை வெட்டி வைத்தேன். திரும்பி வந்தவர் தரையில் கிடந்த பச்சை இலைகளைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். இலை தானாகப் பழுத்து உதிரும்வரை வேருக்குச் சாப்பாடு அனுப்பிக்கொண்டிருக்குமாம். பனிக்காலம் முழுக்கக் கொடி அதை வைத்துத்தான் தூங்குமாம். நான் நம்பவில்லை. தினமும் காலையில் போய்த் துளிரைத் தேடினேன். பன்னிரண்டு நாள் போனது, இருபது நாள் போனது. வசந்தத்தில் மற்ற வரிசைகள் எழுந்தபோது அந்த இரண்டும் மட்டும் சீக்காளி மாதிரி நின்றன. தூங்குகிற கொடியை அதுவரை நான் பார்த்ததில்லை.

அந்த வீட்டு மாடியில் மடிக்கணினியோடு ஒருவர் தங்கியிருந்தார். தன் வீட்டை விற்றுவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு நாடு என்று போய்க்கொண்டிருப்பவர். நீ ஏன் சுற்றுகிறாய் என்று கேட்டார். கைப்பேசியில் எங்கள் தோட்டத்துப் படத்தைக் காட்டினேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "உனக்குத் திரும்பிப் போக இது இருக்கிறது. அந்தத் தைரியத்தில் சுற்றுகிறாய். எனக்கு அது இல்லை" என்றார். எனக்குக் கோபம் வந்தது. சரியாகச் சொல்லிவிட்டார் என்பதால் வந்திருக்கும்.

இந்த முறை ஊருக்கு வந்தபோது அண்ணனுக்கு வலது தோள் போயிருந்தது. சட்டைகூட மதினிதான் மாட்டிவிட்டார்கள்.

"ஏலே, என்னால பந்தலுக்குக் கையைத் தூக்க முடியல" என்றார் அண்ணன். "இந்தக் கவாத்தை நீ வெட்டு. துளிர் வந்துட்டா உரம், மருந்துன்னு காசை இறக்கணும். அதுக்குள்ள சொல்லு, இருக்கியா போறியான்னு. போறேன்னா பந்தலைப் பிரிச்சிட்டு வாழையை வச்சுடுறேன். வாழைக்குக் கையைத் தூக்க வேணாம்."

அடுப்படியிலிருந்து மதினி குரல் கொடுத்தார்கள்: "கொழுந்தனாருக்குக் கை நல்லாத் தூக்கும். டாட்டா காட்டிப் பழக்கம்ல."

நாலு ஆட்களை வைத்துக்கொண்டு வெட்டினேன். மூன்றாம் நாளே கழுத்து பிடித்துக்கொண்டது. இந்த வேலையை அண்ணன் இருபது வருடமாகச் செய்திருக்கிறார். ஊர் ஊராக நான் காட்டிய படங்களில் இருந்தது அவருடைய தோள் என்று அப்போதுதான் உறைத்தது. இருந்துவிடலாம் என்று இரண்டு முறை தீர்மானித்தேன். இரண்டு முறையும் மறுநாள் காலை, டீக்கடையில் யார் என்ன கேட்பார்கள், நான் என்ன சொல்வேன் என்பது நடப்பதற்கு முன்பே தெரிந்தது.

பன்னிரண்டாம் நாள் துளிர் வந்தது. அண்ணனிடம் போய், "இருக்க மாட்டேண்ணே" என்றேன்.

"அங்கன அப்படி என்னதாண்டா இருக்கு?"

"என்ன இருக்குன்னு தெரியல. இங்கன என்ன இருக்குன்னு எல்லாமே தெரியுது. அதான்."

அவர் என்னைத் திட்டவில்லை. "சரி, வாழைக்கன்னுக்குச் சொல்லி வைக்கிறேன்" என்று எழுந்தார்.

"எதுக்கு?" என்றார்கள் மதினி. "உங்களுக்குத்தான தோள் போச்சு? என் தோள் இருக்குல்ல. துளிர் வந்த கொடியவா பிடுங்குவாக?" பிறகு என் பக்கம் திரும்பினார்கள். "ஆனா ஒண்ணு கொழுந்தனாரே. போறவுக பங்கை வச்சுக்கிட்டுப் போகப்பிடாது. நான் இங்கன கழுத்து ஒடிய நிப்பேனாம், நீங்க அங்கன இருந்துக்கிட்டு 'எங்க தோட்டம் எப்படியிருக்கு'ன்னு போன்ல கேப்பீகளாம். எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

"அடியே, என்ன பேச்சு இது?" என்றார் அண்ணன்.

"நியாயமான பேச்சு" என்றேன் நான்.

மறு வாரம் என் பங்கை விட்டுக்கொடுத்து மதினி பெயருக்குப் பத்திரம் எழுதினோம். சார்பதிவாளர் அலுவலகத்தில், "விருப்பப்பட்டுத்தான் எழுதிக் கொடுக்கிறீர்களா?" என்று கேட்டார்கள். வழக்கமான கேள்விதான். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் இருமினார். பிறகு ஆமாம் என்றேன். வெளியே வந்ததும் மதினி மை படிந்த என் விரலைப் பார்த்து, தன் முந்தானையில் துடைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

இதை எழுதுவது தை மாதம், அதே இத்தாலி மலைச்சரிவில். இலை எல்லாம் உதிர்ந்து கொடி தூங்குகிறது. இப்போது வெட்டலாம். நேற்று முதலாளியம்மா பக்கத்து வரிசையில் வெட்டிக்கொண்டே, உன் தோட்டத்தில் இப்போது என்ன நடக்கிறது என்று கேட்டார். மதினி அனுப்பிய படத்தைக் காட்டினேன். பந்தல் நிறையக் காய். படத்தோடு ஒரு வார்த்தைகூட அவர்கள் எழுதவில்லை.

"என்னுடையது இல்லை. என் அண்ணன் மனைவியுடையது" என்றேன். இத்தாலிய பாஷையில் அது எனக்கு நீளமான வாக்கியம். இரண்டாம் முறைதான் சரியாக வந்தது.